பியூஜெட் சவுண்டில் நண்டு பிடிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

ஜூலை பிறந்ததும் சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தெல் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் நண்டுப் பேச்சு ஆரம்பித்துவிடும். யாரிடம் கூண்டு இருக்கிறது, யார் படகு வாடகைக்கு எடுக்கிறார்கள், கடலுக்குள் நீளும் எந்த மீன்பிடிப் பாலத்தில் இடம் கிடைக்கும் என்றெல்லாம் வாட்சப்பில் ஓடும். விதிகளைப் பற்றி மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இவை வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் சொந்தச் சாப்பாட்டுக்காகப் பிடிப்பவர்களுக்கானவை. வியாபாரத்துக்குப் பிடிப்பவர்களுக்குச் சட்டமே வேறு.

இங்கே என்னென்ன நண்டு பிடிக்கலாம்?

முக்கியமானது டங்கனஸ் நண்டு. இதே மாநிலத்தில் ஸீக்விம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டங்கனஸ் என்ற இடத்தின் பெயர்தான் அதற்கு வந்தது. பழுப்பு நிறம், கொடுக்கின் நுனி வெளுத்திருக்கும், சதை நிறைய. அடுத்தது ரெட் ராக் நண்டு. செங்கல் நிறம், கனத்த ஓடு, கொடுக்கின் நுனி கறுப்பு. சதை குறைவுதான், ஆனால் குழம்புக்கு ருசி நன்றாக இருக்கும். இந்த இரண்டுக்கும் விதிகள் வேறு வேறு என்பதால், கையில் இருப்பது எது என்று தெரியாமல் வாளியில் போடாதீர்கள். முதலில் கொடுக்கின் நுனியைப் பாருங்கள், அங்கேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லைசென்ஸ் வேண்டுமா? யாருக்கு?

15 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் வேண்டும். கடல்சிப்பி, நண்டு வகைகளுக்கான லைசென்ஸ் எடுக்கலாம், அல்லது மீன், நண்டு எல்லாம் சேர்ந்த மொத்த லைசென்ஸ் எடுக்கலாம். பலர் தவறவிடுவது அதற்கு அடுத்த படியைத்தான்: பியூஜெட் சவுண்டில் டங்கனஸ் பிடிக்க, லைசென்ஸோடு கூடவே தனியாக ஒரு நண்டு எண்டோர்ஸ்மெண்ட், அதாவது கூடுதல் அனுமதி, வாங்க வேண்டும், அதோடு பிடித்த நண்டைக் குறித்துவைக்க ஒரு பதிவு அட்டையும் வாங்க வேண்டும். மூன்றும் கையில் இருந்தால்தான் கணக்கு சரி. கடையில் "நண்டுக்கு" என்று மட்டும் சொல்லாமல் "பியூஜெட் சவுண்ட் நண்டு" என்று சொல்லிக் கேளுங்கள்.

இங்கே லைசென்ஸ் வருஷம் ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடியும். ஜனவரியில் வாங்கிவிட்டு ஜூலையிலும் செல்லும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளூர்வாசிக் கட்டணத்துக்குக் குடியுரிமை தேவையில்லை, மாநிலத்தில் 90 நாட்களாக நிரந்தரமாகக் குடியிருக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. ஆகவே விசாவில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களும் பிடிக்கலாமா?

தாராளமாக. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று குறுகிய கால லைசென்ஸ் இருக்கிறது. அதோடும் நண்டு எண்டோர்ஸ்மெண்ட்டையும் அட்டையையும் சேர்த்து வாங்குங்கள்.

அப்பா சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் எதுவும் தேவையில்லை. ஆனால் அவர் பெயரில் 5 நண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால் அவருக்கும் லைசென்ஸ், அட்டை எல்லாம் வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவரையும் ஆளாகச் சேர்த்து வாளியை நிரப்புவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வரம்பு ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை.

குழந்தைகளுக்கு?

15 வயதுக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாம். ஆனால் டங்கனஸ் பிடிக்கும் குழந்தைக்கும் பதிவு அட்டை வேண்டும், அது எந்த வயதானாலும். அளவு, எண்ணிக்கை, ஆண் பெண் விதிகள் எல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். அளக்கும் வேலையைக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிடக் கறாராக இருப்பார்கள்.

சீசன் எப்போது? ஏன் செவ்வாய், புதன் மூடியிருக்கிறது?

கோடை சீசன் பெரும்பாலான பகுதிகளில் ஜூலை தொடக்கத்தில் திறந்து செப்டம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தின விடுமுறையோடு முடியும். வாரத்தில் வியாழன் முதல் திங்கள் வரை திறந்திருக்கும், செவ்வாயும் புதனும் மூடியிருக்கும். வடக்கே சான் ஹுவான் தீவுகள், பெல்லிங்ஹாம் பக்கம் தாமதமாகத்தான் திறப்பார்கள், ஏனென்றால் அங்கே நண்டு ஓடு கழற்றிப் புது ஓடு கெட்டியாவது தாமதம். தெற்குக் கோடியில் நண்டு குறைந்துபோனதால் சில பகுதிகளைப் பல வருஷம் மூடியே வைத்திருந்தார்கள்.

பியூஜெட் சவுண்டைக் கடல் பகுதிகள் என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். சியாட்டில், பிரெமர்ட்டன் பக்கம் 10, எட்மண்ட்ஸ் 9, இப்படி. நீங்கள் நிற்கும் இடத்தின் எண் தெரியாமல் சீசன் தேதி பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நண்பர் போன வாரம் பிடித்தார் என்றால் அவர் எந்தப் பகுதியில் பிடித்தார் என்று கேளுங்கள். மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் பகுதிவாரியாகத் தேதி இருக்கும், நடுவில் அவசர அறிவிப்பாக மாற்றவும் செய்வார்கள். அதனால் கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூடிய நாள் என்றால் நண்டு எடுக்கக் கூடாது என்பது மட்டும் இல்லை, கூண்டே தண்ணீரில் இருக்கக் கூடாது. திங்கள் சாயங்காலம் கூண்டை எடுக்காமல், வியாழன் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போவது குற்றம். படகில் போகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு: சூரிய உதயத்துக்கு 1 மணி நேரம் முன்னால் தொடங்கி, அஸ்தமனம் ஆகி 1 மணி நேரம் வரைதான் கூண்டைப் போடலாம், தூக்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை? எவ்வளவு பெரிசு?

டங்கனஸ் ஆளுக்கு 5. ஆண் மட்டும், ஓடு கெட்டியானது மட்டும், அகலம் குறைந்தது 6¼ இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 15.9 சென்டிமீட்டர். ரெட் ராக் ஆளுக்கு 6, அகலம் குறைந்தது 5 இஞ்ச், ஆணும் எடுக்கலாம் பெண்ணும் எடுக்கலாம்.

எங்கிருந்து எங்கே அளப்பது?

நண்டைக் கவிழ்த்துப் பிடிக்காமல் முதுகு மேலே இருக்கும்படி பின்பக்கத்திலிருந்து பிடியுங்கள். கொடுக்கு எட்டாது. ஓட்டின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள், கடைசியில் ஒரு பெரிய முள் இருக்கும். அந்தப் பெரிய முள்ளின் நுனியிலிருந்து நுனிக்கு அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அது செல்லாது. அந்த முட்களுக்குச் சற்று முன்னால் இருக்கும் இடத்தில், நேராகக் குறுக்கே அளக்க வேண்டும். ஓட்டின் வளைவோடு டேப் வைத்து அளப்பதும் தப்பு.

தூண்டில் கடையில் பிளாஸ்டிக்கில் ஓர் அளவுகோல் விற்கிறார்கள், விலை மிகவும் குறைவு. அதன் வாய்க்குள் ஓடு நுழைந்து ஆடினால் நண்டு சிறிசு. இறுக்கமாக உட்காருகிறதா, இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்து, சாய்த்து, மறுபடி வைத்து எப்படியாவது சரிக்கட்டுவது வேண்டாம். அதே நண்டு அடுத்து ஓடு கழற்றும்போது தாராளமாக அளவைத் தாண்டிவிடும்.

ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்?

வயிற்றுப் பக்கம் திருப்பினால் ஒரு மடல் மடிந்து ஒட்டியிருக்கும். ஒல்லியாக, கூர்மையாக இருந்தால் ஆண். அகலமாக, வட்டமாக இருந்தால் பெண். காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

நம் ஊரில் சினை நண்டுதானே விசேஷம்? இங்கே மட்டும் ஏன் பெண் நண்டு கூடாது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, கேட்கும்போது குரலில் ஒரு ஏக்கமும் இருக்கும். சினை நண்டைத் தேடித் தேடி வாங்கிச் சமைத்த வீடுகள் நம்முடையவை, அந்தச் செம்மஞ்சள் சினையின் ருசியை மறுக்க முடியாது. ஆனாலும் இங்கே டங்கனஸ் பெண் நண்டு, சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே தண்ணீருக்குப் போக வேண்டும்.

காரணம் நேரடியானது. ஒரு பெண் டங்கனஸ் மடலுக்கு அடியில் 25 லட்சம் முட்டை வரை சுமக்கும். அதில் பெரிய நண்டாக வளர்வது மிக மிகக் கொஞ்சம்தான், மீனும் மற்ற உயிர்களும் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஆண் நண்டோ 6¼ இஞ்ச் வளர்வதற்கு முன்பே பருவத்துக்கு வந்து, குறைந்தது ஒரு பருவமாவது இனம் சேர்ந்திருக்கும். ஆகவே அளவுக்கு வந்த ஆணை எடுத்தால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. பெண்ணை எடுத்தால் நேராக அடுத்த தலைமுறையையே எடுத்த மாதிரி. அளவு, பால், பருவம் என்ற மூன்றை வைத்துத்தான் இந்த மேற்குக் கரை முழுக்க டங்கனஸ் மீன்பிடிப்பு பல பத்தாண்டுகளாகத் தாக்குப்பிடித்து நிற்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வைப்பதும் இதே நோக்கத்தில்தான்.

ரெட் ராக் பெண் நண்டை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முட்டையோடு வந்தால் அதையும் விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு வேளைக் குழம்பு குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

மெத்தென்ற ஓடு என்றால் என்ன? அதையும் விட வேண்டுமா?

நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். புது ஓடு கெட்டியாகச் சில வாரம், சில மாதம்கூட ஆகும். அந்த நேரத்தில் உள்ளே சதையே இருக்காது, வெறும் தண்ணீர். கொடுக்குக்கு அடுத்த முதல் காலை விரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்கினால், வளைந்து கொடுத்தால், அது மெத்து நண்டு, கட்டாயம் விட வேண்டும். சமைத்தால் ஏமாற்றம்தான், விட்டால் சில வாரத்தில் வேறு யாருக்காவது, ஏன் உங்களுக்கேகூட, நல்ல நண்டாகக் கிடைக்கும்.

விடும்போது பாலத்தின் உயரத்திலிருந்து வீசாதீர்கள். ஓடு மெத்தென்று இருக்கும் நண்டு தண்ணீரில் அடித்து விழுந்தால் பிழைப்பது கஷ்டம். வளையத்தில் கட்டிய வளை வலை இருந்தால் அதிலேயே வைத்துக் கீழே இறக்கி விடலாம். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நண்டைக் காலைப் பிடித்து இழுத்துப் பிய்க்கவும் வேண்டாம், கொஞ்சம் பொறுத்தால் தானே விட்டுவிடும்.

பதிவு அட்டையில் எப்போது எழுத வேண்டும்? ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்?

டங்கனஸை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ததும் அங்கேயே, கூண்டை மறுபடி தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே பதிய வேண்டும். "கரைக்குப் போய் எழுதிக்கலாம்" என்பதுதான் அபராதம் வாங்கித் தரும் வசனம். ரெட் ராக் நண்டைப் பதிய வேண்டியதில்லை.

சீசன் முடிந்ததும் கணக்கைத் துறைக்கு அனுப்ப வேண்டும். கோடை அட்டைக்குக் கடைசி நாள் அக்டோபர் 1, குளிர்கால அட்டைக்கு பிப்ரவரி 1. இணையதளத்திலேயே ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். ஒரு நண்டுகூடக் கிடைக்கவில்லை, ஏன், ஒரு நாள்கூடப் போகவே இல்லை என்றாலும் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் எண்டோர்ஸ்மெண்ட் வாங்கும்போது 10 டாலர் கூடுதலாக வைத்துவிடுவார்கள்.

10 டாலர்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். கோடையில் எவ்வளவு நண்டு எடுக்கப்பட்டது என்று இந்த அட்டைகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் கடைசி வரை குளிர்கால சீசனைத் திறப்பார்கள். பூஜ்யம் என்று எழுதி அனுப்பும் அட்டையும் அந்தக் கணக்கில் சேரும். கடலுக்கு அடியில் எத்தனை நண்டு இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. நாம் எழுதிக் கொடுப்பதை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்? கடையில் வாங்கினால் எல்லாம் சரியாகத்தானே இருக்கும்?

இருக்கும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். குறிப்பாக வேறு மாநிலத்திலிருந்தோ இணையத்திலோ வாங்கிய கூண்டுகளை இங்கே உள்ள விதிக்குத் தகுந்தபடி நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். பார்க்க வேண்டியவை: கூண்டின் மேல்பாதியில் குறைந்தது இரண்டு தப்பிக்கும் வளையங்கள், உள்விட்டம் 4¼ இஞ்சுக்குக் குறையாமல். சின்ன நண்டுகளும் பெண் நண்டுகளும் அந்த வழியாக வெளியே போய்விடும், உங்களுக்கும் அளக்கும் வேலை பாதியாகும். மொத்தக் கூண்டு 13 கன அடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருவர் இரண்டு கூண்டுதான் போடலாம், வளை வலையையும் சேர்த்தே இரண்டு.

அப்புறம் பஞ்சு நூல். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை விதிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கூண்டின் மூடியையோ ஒரு பக்கச் சுவரையோ மூடிவைக்கும் கொக்கி நேராகக் கம்பியில் மாட்டக் கூடாது. எதுவும் பூசாத சுத்தமான பருத்தி நூலிலோ வேறு இயற்கை நாரிலோ கட்டி, அதன் வழியாகத்தான் பூட்ட வேண்டும். நூலின் கனம் ⅛ இஞ்சுக்கு மேல் போகக் கூடாது. நூல் அறுந்தால் குறைந்தது 3-க்கு 5 இஞ்ச் அளவுள்ள வழி திறக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு பாடு? கயிறு அறுந்து கூண்டு கடலடியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டிய நண்டு பட்டினியில் சாகும். செத்த நண்டே இரையாகி அடுத்த நண்டை உள்ளே இழுக்கும். அதுவும் சாகும், அதைத் தின்ன இன்னொன்று வரும். நைலான் கயிற்றில் கட்டியிருந்தால் இது வருஷக்கணக்கில் நடக்கும். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் மக்கி அறுந்தால் மூடி திறந்துகொள்ளும், அத்தோடு அந்தக் கூண்டு கொல்வது நிற்கும். பியூஜெட் சவுண்டில் வருஷத்துக்குச் சுமார் 12,000 நண்டுக் கூண்டுகள் தொலைகின்றன என்றும், அவற்றில் சுமார் 1,78,000 டங்கனஸ் நண்டுகள் வீணாகச் சாகின்றன என்றும் ஒரு மதிப்பீடு இருக்கிறது. யார் தட்டுக்கும் போகாத நண்டுகள் அவை.

ஆகவே நூல் அடிக்கடி அறுகிறது, தொல்லையாக இருக்கிறது என்று பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் புது நூல் மாற்றுங்கள்.

மிதவைக்கு என்ன விதி?

நண்டுக் கூண்டின் மிதவை பாதி சிவப்பு, பாதி வெள்ளை. மஞ்சள் நிறம் இறால் கூண்டுக்கு. மிதவையில் உங்கள் முழுப் பெயரும் நிரந்தர முகவரியும் அழியாத மையில் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மிதவையில் ஒருவர் பெயர்தான், கணவன் மனைவி இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதக் கூடாது. காலியான பிளீச் பாட்டிலையும் டப்பாவையும் மிதவையாகக் கட்டக் கூடாது.

கயிறு தண்ணீரில் மிதக்காமல் அமிழ வேண்டும். மிதக்கும் கயிறு போகிற படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், அந்தப் படகுக்கும் ஆபத்து, உங்கள் கூண்டும் போச்சு. மிதக்கும் ரகக் கயிறுதான் இருக்கிறது என்றால் எடை கட்டி அமிழ்த்துங்கள்.

கூண்டு தொலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஆழத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான நீளத்துக்குக் கயிறு விடுங்கள். 60 அடி ஆழம் என்றால் 80 அடி. பியூஜெட் சவுண்டில் ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் பலம், கயிறு அளவாக இருந்தால் மிதவையே உள்ளே போய்விடும் அல்லது கூண்டு நகர்ந்து ஆழத்தில் விழுந்துவிடும். கூண்டுக்குள் எடை வையுங்கள், லேசான மடக்குக் கூண்டுகள்தான் அதிகம் ஓடிப்போகின்றன. ஃபெர்ரி போகும் பாதையில் போடவே போடாதீர்கள். முக்கிலியோ, எட்மண்ட்ஸ் ஃபெர்ரித் துறைகளுக்கு எதிரே மிதவைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

தொலைந்துவிட்டால் மறைக்காமல் துறைக்குத் தெரிவியுங்கள். தொலைந்த கூண்டைப் பற்றித் தகவல் சொல்பவர்மேல் நடவடிக்கை கிடையாது. தகவல் இருந்தால் எடுக்க முயற்சி செய்வார்கள்.

நண்பர் கூண்டை நான் தூக்கிப் பார்க்கலாமா?

அவர் பக்கத்தில் இருந்தால் உதவலாம். அவர் இல்லாதபோது, "நீயே எடுத்துக்கோ" என்று போனில் சொல்லியிருந்தாலும், கூடாது. முன்பின் தெரியாதவர் கூண்டைத் தொடுவது திருட்டுக்குச் சமமாகவே பார்க்கப்படும்.

படகு இல்லை. பாலத்திலிருந்து பிடித்தால் கிடைக்குமா?

கிடைக்கும், பொறுமை வேண்டும். பாலத்துக்கு வளை வலைதான் வசதி. தண்ணீருக்கு அடியில் தட்டையாக விரிந்து கிடக்கும், நண்டு இரையைத் தின்ன வந்து உட்காரும், வேகமாக இழுத்தால் வலை கிண்ணம்போல எழும்பி நண்டு உள்ளே மாட்டும். இழுப்பதில் தயங்கினால் ஓடிவிடும். கோழிக்காலோ மீன் தலையோ இரையாகக் கட்டலாம், ஆனால் அவிழ்த்துக்கொண்டு போகாதபடி நன்றாகக் கட்டுங்கள். நீர் ஏற்ற இறக்கம் நின்று ஓய்ந்திருக்கும் நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நண்டு நன்றாக நடமாடும்.

நீர் வற்றியிருக்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கைவலையால் அள்ளுவதும் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் ஓட்டைக் குத்தும் எந்தக் கருவியும் கூடாது. ஈட்டி, முள்கரண்டி மாதிரியான எதையும் கொண்டுபோகாதீர்கள். குத்திய பிறகு அது பெண் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

மூடிய நாளில் வேறு யாரோ கூண்டு போடுகிறார்களே, அது எப்படி?

பெரும்பாலும் இந்த மண்ணின் பழங்குடியினராக இருக்கும். 1854, 1855-ல் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் தங்கள் நிலத்தைக் கொடுத்த இந்த மக்கள், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை நூறு வருஷத்துக்கு மேல் மதிக்கப்படவில்லை. 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் மீனில் பாதி அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார், 1994-ல் நீதிபதி எட்வர்ட் ரஃபீடி அதை நண்டு, சிப்பி வகைகளுக்கும் நீட்டித்தார். அவர்களுடைய சீசனையும் விதிகளையும் அவர்களே மாநிலத்தோடு பேசி வகுக்கிறார்கள். "அவங்களுக்கு மட்டும் என்ன சலுகை" என்று நம் ஆட்கள் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சலுகை இல்லை, அவர்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்ட சொந்த உரிமை. மிச்சப் பாதியில்தான் வியாபாரிகளும் நாமும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

பச்சை நண்டு ஒன்று மாட்டியது. கொன்றுவிடலாமா?

ஐரோப்பியப் பச்சை நண்டு என்று வெளியிலிருந்து வந்து பரவும் ஓர் இனம் உண்டு. சிப்பிகளையும் குட்டி நண்டுகளையும் தின்று, கடல்புல் படுகைகளைக் கிளறிப்போடும். அதன் அடையாளம் நிறம் இல்லை: கண்ணுக்குப் பக்கத்தில் ஓட்டின் ஒவ்வோர் ஓரத்திலும் 5 முட்கள். இதைக் கொல்லவும் வேண்டாம், உயிரோடு எடுத்துவரவும் கூடாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, துறைக்கு அனுப்புங்கள் என்பதுதான் அவர்கள் சொல்வது. உள்ளூர் நண்டுகளில் பச்சையாக இருப்பவையும் உண்டு, அவற்றைத் தப்பாகக் கொன்றுவிடுகிறார்கள் என்பதுதான் காரணம்.

கரையிலேயே உடைத்துச் சுத்தம் செய்துகொண்டு வரலாமா?

கூடாது. வீட்டுக்கு வரும்வரை முதுகு ஓடு நண்டோடு இருக்க வேண்டும். ஓடு இல்லாமல் அளவை எப்படிச் சரிபார்ப்பது? ஈரச் சாக்கு போட்டு, ஐஸ் வைத்து உயிரோடு கொண்டுவாருங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி அடைத்துவைத்தால் காற்றில்லாமல் செத்துப்போகும். செத்த நண்டைச் சமைக்க வேண்டாம்.

நண்டு ரசம் வைக்கலாமா? நச்சு இருக்கும் என்கிறார்களே?

ரசம் வைக்கலாம், ஆனால் முதலில் சுத்தம் செய்துவிட்டு. சில நேரங்களில் கடலில் ஒருவகைப் பாசி பெருகி நச்சு உண்டாகும். அதைச் சிப்பிகள் உறிஞ்சும், சிப்பியைத் தின்னும் நண்டின் குடலிலும் அது தங்கும். பக்கவாதம்போல மூச்சை நிறுத்தக்கூடிய நச்சும் இதில் உண்டு. கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் இது அழியாது, பார்வையிலோ வாசனையிலோ தெரியவும் தெரியாது. 2015-ல் வேறொரு பாசி நச்சு பெருகியதில் மேற்குக் கரை முழுவதும் நண்டு சீசனே தள்ளிப்போனது.

நச்சு தங்குவது முக்கியமாக உள்ளே இருக்கும் மஞ்சள், பச்சைக் குழம்பில்தான். நம்மில் பலர் ஓட்டுக்குள் விரலை விட்டு வழித்துச் சாப்பிடும் அதே பகுதி. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முழு நண்டை அப்படியே கொதிக்க வைத்தால் அது தண்ணீரில் இறங்கிவிடும், ரசமும் குழம்பும் அந்தத் தண்ணீரில்தானே. ஆகவே சமைப்பதற்கு முன்பே முதுகு ஓட்டைக் கழற்றி, நடுவில் இரண்டாக உடைத்து, குடலையும் பஞ்சு மாதிரி இருக்கும் செவுள்களையும் எடுத்து, குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை கழுவுங்கள். அப்புறம் காலை இடித்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தால் ருசிக்கு ஒரு குறையும் வராது. போகும் முன் மாநிலச் சுகாதாரத் துறையின் கடல்சிப்பிப் பாதுகாப்பு வரைபடத்தையும் பாருங்கள், மூடிய கடற்கரைகள் அதில் தெரியும்.

அதிகாரி வந்து வாளியைத் திறக்கச் சொன்னால்?

திறந்து காட்டுங்கள். லைசென்ஸ், அட்டை, நண்டு, கூண்டு எல்லாவற்றையும் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. பயப்பட ஒன்றும் இல்லை. ஒவ்வொருவர் நண்டையும் தனித்தனி வாளியில் வைத்திருந்தால் கேள்வியும் குறையும். தெரியாது என்று சொல்வதை ஏற்க மாட்டார்கள், ஆனால் சந்தேகம் கேட்டால் நன்றாகவே விளக்குவார்கள்.

இதே விதிகள் பசிபிக் கரையில், ஆரிகனில் செல்லுமா?

செல்லாது. வெஸ்ட்போர்ட் மாதிரி வெளிக்கடல் பகுதிகளில் டங்கனஸ் நாளைக்கு 6, அகலம் 6 இஞ்ச், பியூஜெட் சவுண்ட் எண்டோர்ஸ்மெண்ட்டும் அட்டையும் தேவையில்லை. ஆரிகனில் ஆண் நண்டு 12 வரை, 5¾ இஞ்ச், லைசென்ஸும் அந்த மாநிலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். நீண்ட வார விடுமுறையில் எல்லை தாண்டிப் போகிறவர்கள் அங்கே அளவெடுத்துப் பழகிவிட்டு, இங்கே வந்து அதே கணக்கில் எடுத்துவிடுகிறார்கள், கவனம்.

நிறையக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்கு விற்கலாமா?

விற்கக் கூடாது. காசு வாங்கினாலும், பண்டமாற்றுச் செய்தாலும் அது வியாபாரம், அதற்கு வேறு லைசென்ஸ், வேறு சட்டம். கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள்.